டிரான்சிஸ்டருக்கு விசிறி வீசியவன்

இப்போது ஒரு டிரான்சிஸ்டர் எரிந்துபோனால் அதன் எண்ணைக் கைபேசியில் தட்டுகிறேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் பதில்கள் வந்து வரிசையில் நிற்கின்றன. இதற்குப் பதில் அதைப் போடலாம் என்கிறான் ஒருவன். போட்டுப் பார், வீடு பற்றிக்கொள்ளும் என்கிறான் இன்னொருவன். இரண்டு பேரும் கட்டிப் புரண்டுகொண்டிருக்கும்போது மூன்றாவது ஆள் நடுவில் நுழைந்து, தன்னிடம் அந்தச் சரக்கு நிறைய இருக்கிறது என்று வியாபாரம் பேசுகிறான். எனக்குப் பொழுது நன்றாகப் போகிறது. டிரான்சிஸ்டர் மட்டும் அப்படியே செத்துக் கிடக்கும்.

எண்பதுகளில், மொரப்பூரில் ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில் நான் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தபோது, இந்த வேலைக்கு என்னிடம் ஒரே ஒரு புத்தகம் இருந்தது. பெங்களூர் நடைபாதையில் வாங்கியது. நல்ல தடிமன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வெறும் எண்கள். இடது பக்கம் செத்துப்போன டிரான்சிஸ்டரின் எண், வலது பக்கம் அதன் இடத்தில் எதை உட்கார வைக்கலாம் என்று இரண்டோ மூன்றோ எண்கள். ஏன் வைக்கலாம், வைத்தால் என்ன ஆகும் என்ற பேச்சே கிடையாது. கல்யாணத் தரகர்கூடப் பையனுக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு என்று ஒரு வார்த்தை போட்டு வைப்பார். இந்தப் புத்தகம் அதுவும் செய்யாது.

வாடிக்கையாளர் முன்னால் அதை விரித்து வைத்து, விரலை எச்சில் தொட்டுப் புரட்டும்போது நான் ஒரு பெரிய வக்கீல் போலத் தெரிவதாக எனக்கு நினைப்பு. பாதி நேரம் எதைத் தேடுகிறேன் என்பதே மறந்திருக்கும். இருந்தாலும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு "ம்" என்பேன். எதிரில் இருப்பவர் பயந்துபோய், "பெரிய செலவுங்களா?" என்பார். அந்த "ம்" என்னை ஒரு நாள் எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

மார்கழிக் காலை. கடைக் கதவைப் பாதி திறந்திருந்தேன். காரிமங்கலம் பக்கம் கன்னியாஸ்திரீகள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதன் ஜீப் வந்து நின்றது. டிரைவர் இறங்காமலே சொன்னார்.

"சிஸ்டர் கூட்டியாரச் சொன்னாங்க. அந்த பொஸ்தகத்தையும் எடுத்துக்குங்க."

அதற்கு ஒரு மாதம் முன்புதான் அவர்களுடைய மாதா கோயில் ஆம்ப்ளிஃபயரைச் சரி செய்து கொடுத்திருந்தேன். அப்போது சிஸ்டர் முன்னாலும் புத்தகத்தை விரித்து அந்த "ம்" வித்தையைக் காட்டியிருந்தேன். மறுபடி ஆம்ப்ளிஃபயர்தான் போலிருக்கிறது, காபியும் பிஸ்கட்டும் கிடைக்கும் என்று சாமான் பையையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு சந்தோஷமாக ஏறி உட்கார்ந்தேன்.

சிஸ்டர் மைசூர்ப் பக்கத்துக்காரர். குள்ளமான உருவம், வேகமான நடை. அவசரம் வந்தால் தமிழுக்கு நடுவில் கன்னடம் எட்டிப் பார்க்கும். என்னை வாசலிலேயே பிடித்து, "பேகா வாங்க, பேகா" என்று அவசரப்படுத்தி உள்ளே ஓட்டிக்கொண்டு போனார். கோயில் பக்கம் போவார் என்று பார்த்தால் பிரசவ வார்டுக்குள் போனார். நான் வாசலில் நின்றுவிட்டேன். அந்த அறைக்குள் எனக்கு என்ன வேலை?

உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. மாதம் முழுவதும் ஆகாமல் பிறக்கிற குழந்தைகளைக் கதகதப்பில் வைக்கிற இன்குபேட்டர். ஜெர்மனியிலிருந்து யாரோ புண்ணியவான்கள் தானமாக அனுப்பியது. பெட்டி காலியாக இருந்தது, அதன் முகப்பில் இருந்த சிவப்பு விளக்கு எரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் படுத்திருந்தாள். அவள் மார்பில் பஞ்சு சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். பொட்டலத்துக்குள் ஒரு முகம் இருந்தது. என் கட்டைவிரலை வைத்தால் அந்த முகத்தில் பாதி மறைந்துவிடும்.

"ரெண்டு மாசம் முன்னாடியே பொறந்துடுச்சு" என்றார் சிஸ்டர். "சுடுதண்ணி பை வச்சுப் பாக்கறோம். கொஞ்ச நேரத்துல ஆறிப்போகுது. கொழந்த கை கால் நீலமாகுது. சேலத்துக்குக் கொண்டுபோகலாம்னா இந்தக் குளிர்ல ஜீப்புல தாங்காது. பெட்டி வேல செய்யணும்."

"சிஸ்டர், நான் ரேடியோதாங்க பாக்கறது."

"இதுலயும் டிரான்சிஸ்டர்தான இருக்கு?"

"இருக்கும்ங்க. ஆனா..."

"அப்ப தொறங்க."

ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஓடியும் இருப்பேன். வாசல் பக்கம் திரும்பினேன். குழந்தையின் அப்பன் சுவரோரமாக நின்றிருந்தார். மரவள்ளிக் காட்டில் வேலை செய்கிறவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை, தலைப்பாகைத் துண்டைக் கையில் எடுத்து முறுக்கிக்கொண்டே இருந்தார். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படி என்னை அதற்கு முன்னும் யாரும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பெரிய டாக்டர் வந்துவிட்டார் என்று நினைத்துவிட்டார் பாவம்.

பெட்டியின் அடிப்பாகத்தைத் திறந்தேன். உள்ளே நான் பயந்த அளவுக்குச் சிக்கல் இல்லை. அதனால் இன்னும் அதிகமாகப் பயந்தேன். சிக்கலாக இருந்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டு விலகியிருக்கலாம். பெட்டிக்குள் சூடு குறைந்தால் ஒரு டிரான்சிஸ்டர் ரிலே என்கிற சின்ன மின்காந்த ஸ்விட்சை இழுக்கும். ஹீட்டர் எரியும், சிவப்பு விளக்கும் எரியும். சூடு வேண்டிய அளவு வந்ததும் டிரான்சிஸ்டர் விட்டுவிடும், ரிலே 'டக்' என்று சத்தம் போட்டு ஹீட்டரை அணைக்கும். அவ்வளவுதான் சங்கதி. மீட்டரை வைத்துப் பார்த்தேன். டிரான்சிஸ்டர் செத்திருந்தது. அதன் உடம்பில் ஏசி 153 என்று போட்டிருந்தது. தர்மபுரி, சேலம் கடைகளில் கண்ணால் பார்க்காத எண்.

புத்தகத்தை விரித்தேன். அதுவரை எந்த எண்ணைத் தேடினாலும் கிடைக்க வேண்டுமே என்றுதான் வேண்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, கிடைத்துவிடக் கூடாது என்று வேண்டினேன். இல்லையென்றால் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, "பொஸ்தகத்துலயே இல்லைங்க சிஸ்டர்" என்று சொல்லிவிடலாம். பழியைப் புத்தகம் சுமக்கும், நான் பஸ் பிடித்து வந்துவிடலாம். கறையான் தின்ற பக்கங்களும் அதில் உண்டு. அந்தப் பக்கத்தையும் தின்றிருக்காதா?

தின்னவில்லை. பளிச்சென்று இருந்தது. ஏசி 153-க்குப் பதில் ஏசி 128. ஏசி 128 அந்தக் காலத்தில் எல்லா ரேடியோவிலும் இருக்கும். என் பையில் இருந்த தகர டப்பாவிலேயே செத்த ரேடியோக்களிலிருந்து கழற்றிய நல்ல சரக்கு நாலைந்து கிடந்தது. நான் தப்பித்துப் போக இருந்த எல்லா வாசலும் சாத்திக்கொண்டன.

"இருக்குதா?" என்றார் சிஸ்டர்.

"ம்" என்றேன். இந்தத் தடவை அந்த "ம்" தொண்டையிலிருந்து வரவில்லை, வயிற்றிலிருந்து வந்தது.

அந்தப் புத்தகத்தில் அச்சுப் பிழைகள் உண்டு என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை அது சொன்னதை அப்படியே கேட்டு ஒருத்தருடைய டேப் ரிக்கார்டரில் மாற்றிப் போட்டு, பாட்டுக்குப் பதில் புகையை வரவழைத்திருக்கிறேன். டேப் ரிக்கார்டர்காரர் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனார். இங்கே தப்பானால் யார் வந்து என்ன சொல்வார்கள் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சரிதானா என்று கேட்கவும் ஆள் இல்லை. எனக்கும் அந்தக் குழந்தைக்கும் நடுவில் ஒரு வரி அச்சு மட்டும் இருந்தது.

செத்ததை எடுத்துவிட்டு ஏசி 128 ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். பழைய டிரான்சிஸ்டரைச் சுற்றி ஒரு சின்னத் தகடு பிடித்திருந்தது, சூட்டை இறக்குவதற்காக. துருப்பிடித்து அழுக்கேறி இருந்தது. கழற்றி ஓரமாக வைத்தேன். ரேடியோவில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். தகடு இடத்தை அடைக்கும், அது இல்லாவிட்டாலும் பாட்டு பாடும்.

சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. குழந்தையின் அப்பன் சிலுவை போட்டுக்கொண்டார். சிஸ்டர் அப்படியெல்லாம் ஏமாறுகிறவர் இல்லை. காலிப் பெட்டிக்குள் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாதரசம் ஏறியது. வேண்டிய கோட்டைத் தொட்டதும் 'டக்'. விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிந்தது. மறுபடி 'டக்'. நான் வாழ்க்கையில் எத்தனையோ ரேடியோவில் பாட்டு வரவழைத்திருக்கிறேன். அந்த 'டக்' மாதிரி ஒரு சங்கீதத்தைக் கேட்டதில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் சிஸ்டர் குழந்தையை உள்ளே வைத்தார்.

"அப்ப நான் கெளம்பறேங்க சிஸ்டர்."

"ஜீப்பு சந்தைக்குப் போயிருக்கு. வரட்டும், காபி குடிங்க."

அன்றைக்குக் காரிமங்கலத்தில் சந்தை கூடுகிற நாள். ஆஸ்பத்திரிச் சமையலுக்குக் காய் வாங்கப் போயிருக்கிறது. பஸ்ஸில் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். பிஸ்கட் வந்துவிட்டது. என் வாழ்க்கையில் பிஸ்கட்டால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். காது மட்டும் உள்ளே இருந்தது. 'டக்'. ஒரு வாய் காபி. 'டக்'. ஒரு கடி பிஸ்கட். கொஞ்ச நேரம் கழித்து, காபி முடிந்துபோன பிறகும் அடுத்த 'டக்' வரவில்லை என்பது உறைத்தது. எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பாதரசம் கோட்டைத் தாண்டியிருந்தது.

"சிஸ்டர், கொழந்தைய வெளிய எடுங்க" என்றேன்.

அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து குழந்தையை எடுத்துத் தாயின் மார்பில் வைத்து மூடினார். நான் சுவிட்சை அணைத்துவிட்டு அடியில் கையை விட்டு டிரான்சிஸ்டரைத் தொட்டேன். விரல் பொசுங்கியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஏசி எண்கள் எல்லாம், சிலிக்கான் வருவதற்கு முன்னால் ஜெர்மானியம் என்கிற பொருளில் செய்த பழைய வகை. சூடு ஏறினால் யாரும் சொல்லாமலே கரண்டைக் கசிய விட ஆரம்பித்துவிடும். ரேடியோவில் அப்படி ஆனால் பாட்டு கொஞ்சம் கரகரக்கும், நாங்கள் ஸ்டேஷனைக் குறை சொல்வோம். இங்கே தகடும் இல்லாமல், ஹீட்டருக்குப் பக்கத்திலேயே அதைக் குடிவைத்திருந்தேன். அதற்குச் சூடு ஏறிவிட்டது, ரிலேயைப் பிடித்த பிடி விடவில்லை. ஹீட்டர் தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜீப் மட்டும் இருந்திருந்தால் நான் அந்நேரம் மொரப்பூரில் இருந்திருப்பேன்.

சிஸ்டர் குழந்தையின் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார். அந்த நேரம் முழுவதும் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கொஞ்சம் கூடியிருக்கு. பயமில்ல" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்ன ஆச்சு?"

சொன்னேன். தகட்டைக் கழற்றியதையும் சொன்னேன். கடைசியில் என் நாக்கு சும்மா இருக்காமல், "பொஸ்தகத்துல போட்டிருந்துச்சுங்க சிஸ்டர்" என்றது.

"பொஸ்தகம் கொழந்தயப் பாத்துச்சா?"

நான் புத்தகத்தை மூடி வைத்தேன்.

"நீங்க பாத்தீங்க இல்ல. என்ன பண்ணணுமோ பண்ணுங்க. அது மறுபடி ஆறிப்போறதுக்குள்ள."

தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து டிரான்சிஸ்டருக்கு மாட்டினேன். மூன்று கால்களுக்கும் நீளமாக ஒயர் கொடுத்து, அதைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்து, ஜன்னல் கம்பியில் நூலால் கட்டித் தொங்கவிட்டேன். ஜெர்மன்காரன் எவ்வளவு அழகாகச் செய்து அனுப்பிய பெட்டி! அதன் குடல் ஒன்று ஜன்னலில் தொங்கியது. அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்த டிரான்சிஸ்டருக்கு வீச ஆரம்பித்தேன்.

காலிப் பெட்டியில் மறுபடி பரீட்சை. 'டக்' ஒழுங்காக வந்தது. சிஸ்டர் குழந்தையை உள்ளே வைத்தார். நான் வீசுவதை நிறுத்தவில்லை. மார்கழிக் குளிரில், குழந்தைக்குச் சூடு போதவில்லை என்று எல்லோரும் தவிக்கிற அறையில், நான் ஜன்னலுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். குழந்தையின் அப்பன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ஏங்ணா, அதுக்கு வேர்க்குதுங்களா?"

"ஆமாங்க. அதுக்கு வேர்த்தா புள்ளைக்கு ஆகாது."

அவர் என் கையிலிருந்து விசிறியை வாங்கிக்கொண்டார். "நீங்க சத்தத்தப் பாருங்க. நான் வீசறேன். காட்டுல நாள் பூரா மம்பட்டி புடிக்கறவன், இது என்னாத்துக்கு ஆவுது."

அப்படியே பொழுது போனது. அவர் வீச, நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவை விளக்கு எரியும்போதும் என் மூச்சு நிற்கும். 'டக்' வந்ததும் திரும்ப வரும். பக்கத்தில் வந்த சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களயும் அந்தப் பெட்டில வைக்கணும் போல இருக்கு" என்றார். கட்டிலில் படுத்திருந்த அந்தத் தாய், அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நகைச்சுவையில் நான் பெரிய ஆள் என்று மொரப்பூரில் பேர்.

சாயங்காலம் வெளிக்காற்றே நல்ல குளிராகிவிட்டது, விசிறி தேவைப்படவில்லை. சத்தம் நின்றால் உடனே குழந்தையை எடுத்துவிட்டு சுவிட்சை அணைக்கும்படி, ஒரு ஆயாம்மாவைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார் சிஸ்டர். என்னை ஜீப்பில் அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நாள் முன்பு, சும்மா இருக்க முடியாமல், அந்த ஏசி 153-ஐக் கைபேசியில் தட்டிப் பார்த்தேன். எங்கோ ஒரு தேசத்தில் ஒருவன் பழைய ரேடியோவை வைத்துக்கொண்டு இதே கேள்வியைக் கேட்டிருந்தான். முதல் ஆள், ஏசி 128 போடு, அச்சாகப் பொருந்தும் என்று சொல்லியிருந்தான். அடுத்தவனும் அதற்கடுத்தவனும் ஆமாம் சாமி. கீழே, ரொம்பக் கீழே ஒருவன், சூட்டைப் பார்த்துக்கொள், தகடு இல்லாமல் போடாதே என்று எழுதியிருந்தான். அவனுக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு என் கையில் இது இருந்திருந்தால் நான் அவ்வளவு கீழே போய்ப் படித்திருப்பேனா என்று யோசித்தேன். மேலே இருப்பதைப் படித்துவிட்டுப் பிஸ்கட்டுக்குப் போயிருப்பேன். புத்தகத்தில் ஒரு வரிதான் இருந்தது. அதை நம்பலாமா என்று பயந்தே பெட்டிப் பக்கம் காதை வைத்திருந்தேன். கைபேசியில் இத்தனை பேர் ஆமாம் என்றால் பயம் எங்கிருந்து வரும்?

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு வந்த நாட்கள்தான் மோசம். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்க ஆள் அனுப்பவில்லை. அனுப்ப தைரியம் இல்லை. சேதி வராதவரைக்கும் அது உயிரோடு இருக்கிறது என்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். சாலையில் ஜீப் சத்தம் கேட்டால் மேஜைக்கு அடியில் ஏதோ திருகாணி விழுந்துவிட்டது போலக் குனிந்துகொள்வேன். ஒரு வாடிக்கையாளர், "என்னாங்க, கடைல ஆளே இல்லையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் காலடியில்தான் இருந்தேன்.

ஒரு நாள் நான் குனிவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

"சிஸ்டர் கூட்டியாரச் சொன்னாங்க" என்றார் டிரைவர்.

"எதுக்குங்க?"

"எனக்கென்னாங்க தெரியும். சீக்கிரம் ஏறுங்க."

"கொழந்த?"

"எந்தக் கொழந்தங்க? அங்க தெனம் பொறக்குது."

வழியெல்லாம் சிஸ்டரிடம் என்ன சொல்வது, அந்த அப்பனிடம் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். எந்த வாக்கியமும் முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. வறட்டுக் கத்தல், ஆத்திரமான கத்தல். அதே கட்டிலில் அதே தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் அந்தப் பொட்டலம், முகம் சிவக்கச் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தது. பால் கொடுக்க ஒரு நிமிஷம் தாமதமாகிவிட்டதாம்.

"கத்தறதப் பாருங்க, அவங்கப்பன் மாரி" என்றாள் அவள். "நேத்திலிருந்து பெட்டி வேணாம்னு சொல்லிட்டாங்க சிஸ்டரு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மறைப்பதற்காக ஜன்னல் பக்கம் திரும்பினேன். டிரான்சிஸ்டர் அங்கேயே நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது. அப்புறம்தான் பெட்டிக்குள் பார்த்தேன். காலியாக இல்லை. முதல் குழந்தையைவிட இன்னும் சின்னதாக ஒன்று, வாயைத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தது.

"காலையில வந்தது" என்றார் சிஸ்டர் பின்னாலிருந்து. "வெயில் ஏறினா அந்த 'டக்' கொஞ்சம் லேட்டா வர்ற மாதிரி இருக்கு. ஆயாம்மாவுக்கு சரியா சொல்லத் தெரியல. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

ஸ்டூலை இழுத்துப் போட்டு, 'டக்' எப்போது வரும் என்று காதைக் கொடுத்து உட்கார்ந்தேன். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.